மரம் இறங்கினால் வண்டி ஏறும்

கண்ணு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு உன் கையில் மட்டும் கொடுத்திருக்கலாம். உங்கம்மா அப்படித்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. சிங்காநல்லூர் பட்டறையில், அந்தந்த வார வேலையை எழுதி ஒட்டுகிற பலகையில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கிற மாதிரி இதை ஒட்டப்போகிறேன். உனக்கு வருவது அதன் நகல். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதே பட்டறையில் முப்பது பேர் பார்க்க உன்னைத் திட்டினேன். திட்டும்போது ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு திட்டிவிட்டு, தப்பு என்னுடையது என்பதை மட்டும் உன் காதோடு சொன்னால் அது நியாயம் ஆகாது. உனக்குக் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது, அதற்குள் கூச்சம் போய்விடும்.

ஆரம்பித்து வைத்தது பவித்ராதான். உங்கள் நிச்சயம் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவள் பல்லடத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்திருந்தாள். நீ கருமத்தம்பட்டியில் தறிக்கு நூல் வாங்குகிற ஒருத்தரைப் பார்க்கப் போயிருந்தாய். உங்கம்மா காபி கொடுத்தாள். பேச்சு அவளுடைய ஷெட்டைப் பற்றி வந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பற்சக்கரம், கப்பி என்று மரத்தில் மாதிரிகள் செய்து கொடுக்கிறாளே, ஆர்டர் கூடிவிட்டதாம், ஒருத்தியால் முடியவில்லையாம். கல்யாணத்துக்கு அப்புறம் நூல் விற்பதை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்துகொள்ளச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறாள். நீ சிரித்து மழுப்பியிருக்கிறாய். ஒரு நாள் ஒரு பலகையைக் கையில் கொடுத்து அறுக்கச் சொன்னதற்கு, பலகையையும் ரம்பத்தையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். "ஏனுங்க மாமா, அவருக்கு மரத்தைத் தொட்டாலே ஏனுங்க இத்தனை பயம்? கேட்டா, எனக்கு அளவு வராது, எங்கப்பாவே சொல்லிப்போட்டாருங்கறாரு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லிவிட்டு மறந்தே போன ஒரு வாக்கியம், பதினைந்து வருஷமாக உன்னிடம் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக, பரண் மேல் கிடந்த, நாம் செய்த பொம்மை ரயில் பலகையை இறக்கச் சொன்னேன்.

அது எப்படிப் பரணுக்குப் போனது என்று உனக்குத் தெரியும். பலகையில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீ ஒன்பதாவது முடித்த லீவில் நாம் மூன்று பேரும் டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் போனோம். நீயும் உங்கம்மாவும் யானையைத் தேடினீர்கள். நான் தேக்கு மரங்களைப் பார்த்து, இதில் வார்ப்படத்துக்கு எத்தனை மரப் பேட்டர்ன் செய்யலாம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காட்டு வாட்சர் ஒருத்தர் புதருக்குள் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பெரிய சக்கரத்தைக் காட்டினார். அந்தக் காலத்தில் இந்தக் காட்டு மரங்களை மலைக்கு அந்தப் பக்கம் சாலக்குடிக்கு இறக்க ஒரு டிராம் பாதை இருந்ததாம். சமதரையில் எஞ்சின் இழுத்துப் போகும். செங்குத்துச் சரிவில் எஞ்சினுக்கு வேலை இல்லை. சரிவில் இரண்டு தண்டவாளப் பாதை, உச்சியில் இந்தச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றி ஓர் இரும்புக் கயிறு, கயிற்றின் இரண்டு முனையிலும் வண்டி. மரம் ஏற்றின வண்டி தன் பாரத்திலேயே கீழே இறங்கும். அது இறங்குகிற வேகத்தில், கீழே காலியாக நிற்கிற வண்டி தானாக மேலே ஏறி வரும். உச்சியில் ஒருத்தன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

நீ யானையை மறந்துவிட்டாய். பொள்ளாச்சி வருகிறவரை பஸ்ஸில் சிப்ஸ் வாங்கின காகிதப் பையைப் பிரித்து அதன் உட்பக்கத்தில் என்னமோ வரைந்துகொண்டே வந்தாய். சிங்காநல்லூரில் இறங்கும்போதுதான் அதை என்னிடம் நீட்டி, இதை நாம் செய்யலாமா என்று கேட்டாய். சரிவின் நடுவில் இரண்டு வண்டியும் ஒன்றையொன்று கடக்கிற இடத்தைக்கூட விடாமல் வரைந்திருந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்த நாலு மாசம் மாதிரி ஒரு நாலு மாசம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை. உலோகம் வார்க்கிற பக்கத்து பவுண்டரியில் உடைந்து கிடந்த மணல் கட்டிகளைப் பொறுக்கி வந்து பாறை வைத்தோம். மில் கழிவுப் பஞ்சில் பச்சைச் சாயம் ஏற்றிக் காடு வளர்த்தோம். பொள்ளாச்சித் தேங்காய் நார்த்தூள் மண்ணாயிற்று. வெட்டின மரத்துக்கு எதை எதையோ வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கறிவேப்பிலைக் குச்சிதான் தேக்கு மாதிரி இருக்கிறது என்று கண்டுபிடித்தது நீ. நீளமான ஒரு மரத்துக்கு ஒரு வண்டி போதாது, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு குட்டி வண்டிகள் தாங்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னதும் நீதான். உங்கம்மா, ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லை, ரயிலுக்குத்தான் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மலை, சரிவு, பாலம், பித்தளைத் தண்டவாளம் எல்லாம் நான் அளந்து நான் வெட்டினேன். ஒன்றையாவது முழுசாக நீயே செய்ய வேண்டும் என்றாய். சரி, கயிறு உன் பொறுப்பு, கொக்கிக்குக் கொக்கி ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர் என்றேன். பச்சை நைலான் கயிற்றை உன் இரும்பு டேப்பில் நாலு தடவை அளந்து வெட்டி, அதில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்று சுற்றி 1200 என்று பேனாவால் எழுதினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெயிண்ட் காய்ந்து கயிறு மாட்டியது ஆயுத பூஜை அன்றைக்குத்தான். மெஷின்களைக் கழுவித் துடைத்து, உளி, இழைப்புளி, ஸ்கேல் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். அன்றைக்கு நம் பட்டறையில் யாரும் கருவியை வேலைக்குத் தொடுவதில்லை. நம் ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பவுண்டரிக்காரர்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். பொரி கடலை கொடுத்து முடித்ததும் எல்லாரும் ரயிலைச் சுற்றி நின்றார்கள். நீ ஐந்து மரத்தை ஏற்றிவிட்டுப் பிரேக்கை விட்டாய். மர வண்டி இறங்கியது, காலி வண்டி ஏறியது, நடுவில் இரண்டும் கடந்தபோது குழந்தைகள் கை தட்டினார்கள். அப்புறம் காலி வண்டி உச்சியில் முட்டி நின்றது. மர வண்டி கீழே வந்து சேரவில்லை. ஒரு விரல் அகலம் பாக்கி இருக்கும்போதே கயிறு விறைத்து வெடுக்கென்று இழுத்தது, வண்டி தடம் புரண்டது, மரமெல்லாம் கீழே நின்ற எஞ்சின் மேல் கொட்டியது. யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு உன்னைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து என்று எனக்குத் தோன்றிவிட்டது. பவுண்டரிக்காரர்கள் நிற்கிறார்கள், நாளைக்கு இவன் பேட்டர்னை எப்படி நம்புவது என்று நினைப்பார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது. பூஜையில் வைத்திருந்த என் ஸ்கேலை, சந்தனம் குங்குமத்தோடு அப்படியே எடுத்தேன். உங்கம்மா வேண்டாம் என்று கையை நீட்டினாள். கயிற்றைக் கழற்றி எல்லாரும் பார்க்க அளந்தேன். ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து. பதினைந்து மில்லி குறைவு. "எம்பட டேப்புல சரியாத்தானுங்கப்பா இருக்குது" என்று நீ சொன்னாய். அதற்கு நான் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் ஒளிக்கவில்லை. "ஒரு கயித்தை அளந்து வெட்டத் தெரியாதவனுக்கு இந்த ஜென்மத்துல அளவு வராது. இந்தக் கைய வெச்சுக்கிட்டு எந்தப் பட்டறைப் பக்கமும் வந்துபோடாதே." நீ சரிங்கப்பா என்று மட்டும் சொன்னாய். கயிற்றை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி மலைக்கு அடியில் வைத்தாய். அதற்கப்புறம் அந்தப் பலகையை நீ தொடவே இல்லை.

அடுத்த வருஷம் பாலிடெக்னிக்கில் சேரலாமா என்று உங்கம்மா மூலமாக ஒரே ஒரு தடவை கேட்டாய். நான் காமர்ஸ் படிக்கட்டும் என்றேன். நீ மறுபேச்சுப் பேசாமல் படித்தாய். நூல் விற்கப் போனாய், நன்றாகவே விற்கிறாய். தறிக்காரர்கள் உன் வார்த்தையை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு லோடு இறக்குகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு மனசு நிறைந்துதான் இருக்கிறது. அந்த வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட நீ ஆள் கூப்பிடுவதைப் பார்த்து, சோம்பேறி என்று நினைத்தேனே தவிர, வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனி இந்த மாசம் நடந்ததற்கு வருகிறேன். பலகையைத் தூசி தட்டி, ரயிலைச் சரி பண்ணிக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். உன் கயிற்றைப் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டுப் புதுக் கயிறு போட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். சிரிக்காதே, அப்படித்தான் நினைத்தேன். பித்தளைத் தண்டவாளம் கறுத்துப் போயிருந்தது. மாடல் ரயில் சாமான் விற்கிற ஒரு கடையில் புதுத் தண்டவாளம் தபாலில் வரவழைத்தேன். ஒரு துண்டு தொள்ளாயிரத்துப் பதினான்கு மில்லி என்று பெட்டி மேல் போட்டிருந்தது. என் ஸ்கேலில் வைத்தால் தொள்ளாயிரத்து இரண்டு. அடுத்த துண்டும் தொள்ளாயிரத்து இரண்டு. எல்லாத் துண்டிலும் பன்னிரண்டு மில்லி ஏமாற்றியிருக்கிறான் என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கடைக்குப் போன் போட்டு, நாற்பது வருஷமாக அளவிலேயே பிழைப்பு நடத்துகிறவனிடம் உங்கள் வேலையைக் காட்டாதீர்கள் என்று கத்தினேன். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பத்து நிமிஷத்தில் ஒரு போட்டோ அனுப்பினான். அதே மாதிரி ஒரு துண்டு, பக்கத்தில் சாதாரண டேப். தொள்ளாயிரத்துப் பதினான்கு.

நான் என் ஸ்கேலைப் பார்த்தேன். பலகையில் படிக்கிறவர்களில் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பம்பு, மோட்டார் இதெல்லாம் வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிய வைப்பார்கள். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். உருக்கி ஊற்றின உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், ஸ்கேலையே நீட்டிச் செய்து விற்கிறார்கள். ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் என்று பேர். என்னுடையது அலுமினிய வார்ப்புக்கானது, மீட்டருக்குப் பதின்மூன்று மில்லி கூடுதல். பட்டறைக்குள் அதுதான் சரி. பட்டறைக்கு வெளியே அது அளக்கிற எதுவும் தப்பு. இருபது வயசிலிருந்து கையில் இருப்பதால் அது வேறு ஸ்கேல் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. மலையை அதில் அளந்தேன், சரிவை அதில் அளந்தேன், பாலத்தை அதில் அளந்தேன். எல்லாமே ஒரே தப்பு என்பதால் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. சரியாக இருந்தது உன் கயிறு ஒன்றுதான், அதனால்தான் அது மட்டும் பொருந்தவில்லை.

மலைக்கு அடியில் கையை விட்டேன். சுருட்டி வைத்தபடியே இருந்தது. டீக்கடைக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் சாதாரண டேப் ஒன்று வாங்கி வந்து அளந்தேன். கொக்கிக்குக் கொக்கி ஆயிரத்து இருநூறு. கீழே உட்கார்ந்துவிட்டேன் கண்ணு.

ரங்கசாமி பார்த்துவிட்டு ஓடி வந்தார். நம் பட்டறையில் எனக்கு அடுத்தபடி அவர்தானே, அவரிடம் டேப்பையும் ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "அன்னைக்கே தெரியுமுங்ணா. நீங்க இருந்த கோவத்துல ஆருங்க வாயைத் தெறக்கறது?" என்றார். அவருக்கு மட்டுமல்ல, இன்னும் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு ஸ்கேல் மாறிப்போனதைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது. அளவு தப்பியது மறதி. அது யாருக்கும் வரும். மூன்று பேருக்குத் தெரிந்த உண்மையை என் முகத்தைப் பார்த்து மூன்று பேரும் விழுங்கினார்களே, அதற்கு என் கோபம்தான் காரணம். பூஜையில் வைத்ததை எடுத்து அளந்ததால் அதைத் தப்பு என்று சொல்லவும் யாருக்கும் நாக்கு வரவில்லை. இந்தக் கடிதத்தைப் பலகையில் ஒட்டுவதற்கு இது இரண்டாவது காரணம். நான் கத்தும்போது இனி யாராவது குறுக்கே பேசட்டும். ரங்கசாமி இதுவரை எழுதினதைப் படித்துவிட்டு நேற்றே என்னிடம் இரண்டு குறை சொல்லிவிட்டார். இரண்டும் நியாயமாகத்தான் இருந்தன, என்ன செய்வது.

வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கி முடித்தாள். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது? அவங்கிட்டச் சொல்லுங்க" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கல்யாணம் ஆகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீயும் பவித்ராவும் ஒரே விஷயத்தை அளந்து இரண்டு விடை சொல்லுகிற நாள் கட்டாயம் வரும். அப்போது யார் தப்பு என்று ஆரம்பிக்காதே. முதலில் உன் ஸ்கேலையும் அவள் ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நீ வளர்ந்த வீட்டில் சரியாக இருந்தது அவள் வீட்டில் கொஞ்சம் நீளமாக இருக்கலாம். நான் இதைப் பத்து விநாடியில் செய்திருக்கலாம், உன் டேப் உன் சட்டைப் பையிலேயே இருந்தது.

இன்னொன்று. மண்டபத்தில் யாராவது மைக்கைப் பிடித்து, பெற்றவர்கள் பாரத்தைச் சுமந்துகொண்டு இறங்கிப் பிள்ளைகளை மேலே ஏற்றிவிடுகிறார்கள் என்று பேசினால், நம் ரயிலை நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்துவிடாதே. நான் உன்னை ஏற்றவில்லை. உச்சியில் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி ஏன் ஏறவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்காக வருத்தப்படுகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பவித்ராவோடு ஷெட்டில் சேருவதும் சேராததும் உன் விருப்பம். நூல் விற்பது பிடித்திருக்கிறது என்றால் அதைச் சொல். ஊர் சுற்றுவது பிடித்திருக்கிறது என்றால் அதைச் சொல். அவள் புரிந்துகொள்கிற பெண். ஆனால் எனக்கு அளவு வராது என்று மட்டும் அவளிடம் சொல்லாதே, அது பொய். பதினைந்து வயசில், இருபத்தைந்து வருஷம் பேட்டர்ன் பண்ணினவனைவிடச் சரியாக அளந்தவன் நீ. எனக்கு ஆசை எது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன், பவித்ரா கொடுத்த அந்தப் பலகையை அறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

சரிவைக் கழற்றிச் சாதாரண டேப்பில் அளந்து பதினைந்து மில்லி இழைத்தெடுத்தேன். பாலத்தையும் திருத்தினேன். புதுத் தண்டவாளம் போட்டாயிற்று. கறிவேப்பிலைக் குச்சி உங்கம்மாவே ஒடித்துக் கொடுத்தாள், அதுவும் கேட்காமலே. நேற்று மத்தியானம் உன் பழைய பச்சைக் கயிற்றை மாட்டிப் பார்த்தேன். ஒரு இழையும் வெட்டவில்லை, ஒரு முடிச்சும் கூட்டவில்லை. மேல் வண்டி உச்சியில் முட்டி நின்றது, கீழ் வண்டி நாலு சக்கரமும் கீழ்த் தண்டவாளத்தில் பதிய நின்றது. கையால் பிடித்து மெதுவாக நகர்த்தித்தான் பார்த்தேன். மரம் ஏற்றி இன்னும் விடவில்லை. அது உன் வேலை.

ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அன்றைக்கு இருந்தவர்களில் யார் யார் ஊரில் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் சொல்லியாயிற்று. பவுண்டரிக்காரர்களும் வருகிறார்கள். பவித்ராவிடம் உங்கம்மா பேசிவிட்டாள். என் ஸ்கேல் எப்போதும் போல அதன் இடத்தில் இருக்கும், அதன் மேல் தப்பில்லை. அதற்குப் பக்கத்தில் இந்த வருஷம் உன் கயிறு இருக்கும், 1200 என்று நீ எழுதின ஒட்டுத்தாளோடு, சந்தனமும் குங்குமமும் வைத்து. பூஜை முடிந்ததும் நீயே எடுத்து மாட்டு. பிரேக் உன் கையில் இருக்கட்டும். நான் கீழே, காலி வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வாரேன் என்று ஒரு வார்த்தை போனில் சொல்லிவிடு.

அப்பா